சம்பந்தி வீட்டில் மறைத்த சங்கதி

உம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. உம். மறுபடி சத்தமில்லை. உம், உம். அப்புறம் லேசாக ஒரு சிரிப்பு.

அப்படித்தான் அன்றைக்குக் கேட்டது. இதோ இந்த பஸ்ஸில் முன் சீட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவர் உம் கொட்டிக்கொண்டு வருகிறாரே, அச்சாக அதே மாதிரி. எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் யாராவது பக்கத்தில் உம் கொட்டினால் நான் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்கிறேன். தண்ணீர் பாட்டிலை உள்ளே வையுங்கள், எனக்கு மயக்கமெல்லாம் இல்லை.

நீங்கள் கோவில்பட்டிக்குப் பெண் பார்க்கத்தானே போகிறேன் என்று சொன்னீர்கள். நானும் அங்கேதான், மகள் வீட்டுக்கு. அதனால் சொல்கிறேன். பெண் சிவப்பா கறுப்பா, என்ன படிப்பு, அதெல்லாம் அப்புறம். அந்த வீட்டில் எதையாவது மறைக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். எங்களிடம் மறைத்தார்கள். என் சம்பந்தி வீட்டில் ஒரு பெரிய சங்கதியை மறைத்துப் பெண் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் முழுசாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். சங்கரன்கோவில் தாண்டிவிட்டால் ரோடு நன்றாக இருக்கும், பேச வசதி.

என் பேச்சு புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா? எல்லாரும் சொல்வார்கள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். நாகர்கோவில்காரருக்கும் கோயம்புத்தூர்காரருக்கும் ஒன்றுபோல் புரிகிற மாதிரி பேசிப் பேசி நாக்கு அப்படி ஆகிவிட்டது. வீட்டு வாசலில் காய் விற்க வருகிறவள் சொல்வாள், "அக்கா ரேடியோவுல சேதி வாசிக்க மாதிரியே கத்தரிக்கா கேக்கா" என்று.

நாக்கைவிடக் காது. ஒருவர் ஹலோ சொன்னால் போதும், அந்த வீட்டில் சாவா, கல்யாணமா, கடன்காரனா என்று எனக்குத் தெரிந்துவிடும். தந்தி கொடுக்க அழைக்கிறவர் ஊர் பெயர் சொல்லும் முன்னால் நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துத் தயாராகிவிடுவேன். கூட வேலை பார்த்தவர்கள் என்னிடம் காதைக் கடன் கேட்பார்கள், அப்படிக் காது.

அந்தக் காதில்தான் அது விழுந்தது.

சாரல் காலம். தென்காசியில் சாரல் என்றால் உங்களுக்குத் தெரியும், வெயிலும் நனைந்துதான் வரும். நாதன் லீவுக்கு வந்திருந்தான். குற்றாலநாதன், என் மகன். விருதுநகர் பக்கம் ஒரு காலேஜில் என்ஜினியரிங், இரண்டாம் வருஷம் முடித்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தெருவே அடங்கிக் கிடக்கிறது. காய்ந்ததும் காயாததுமாகத் துணிகளை அள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன். அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே உம் கொட்டுகிறான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். தொழில் புத்தி. பேசுகிறவரைவிடக் கேட்கிறவரிடம்தான் விஷயம் இருக்கும். நீளமாக ஒன்றைச் சொல்லி முடித்தால் வருகிற உம் வேறு, கேள்வி கேட்டால் வருகிற உம் வேறு, திட்டு வாங்குகிறவனின் உம் வேறு. அவனுடைய உம்மில் எல்லாம் சரியாக இருந்தது. இடைவெளி சரியாக இருந்தது. மறுமுனையில் ஆள் மூச்சு விடுகிற நேரம்கூடச் சரியாக இருந்தது. லைனில் ஆள் இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆக, பையன் நமக்குத் தெரியாமல் செல்போன் வாங்கிவிட்டான், மறுமுனையில் ஒரு பெண். அப்படித்தான் நினைத்தேன். நீங்களாயிருந்தால் வேறு என்ன நினைப்பீர்கள்?

அவன் குளிக்கப் போன சமயம் பார்த்து அறையைத் துழாவினேன். தலையணை உறையைக் கழற்றினேன். பெட்டியைக் கவிழ்த்தேன். ஷூவுக்குள் கையை விட்டேன். பரணில் கிடந்த பித்தளை அண்டாவுக்குள்கூடத் தலையை விட்டுப் பார்த்தேன். போன் இல்லை. என் வீட்டுக்காரர், கூட்டுறவு பாங்கில் இருந்தார், அவரிடம் சொன்னேன். "எவளோ நல்ல கெட்டிக்காரியாத்தான் பிடிச்சிருக்கான், ஒளிச்சு வைக்கதுக்கும் சேத்துச் சொல்லிக் குடுத்திருக்கா" என்றார். அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. அந்த லீவு முடிகிற வரைக்கும் இரண்டு பேருமாக இல்லாத ஒரு போனைத் தேடினோம்.

கடைசியில் நானே கேட்டேன். "யார்ட்டடா பேசிக்கிட்டே இருக்க?"

"நான் எங்கம்மா பேசுதேன். அவங்கதான் பேசுதாங்க."

"எவங்க?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் ஏதோ விளையாட்டு காட்டுகிற மாதிரி பார்த்தான். "உனக்குக் கேக்கலையா? உன் காதுக்கா கேக்கல?"

என் தொழிலைக் கிண்டல் செய்கிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயசுப் பையன் திமிர், வேறென்ன. கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்துவிட்டேன். இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. அவனும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அவன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக ஜோயல் என்று ஒரு பையன் வந்தான், நாசரேத் பக்கம், ஹாஸ்டலில் நாதனோடு ஒரே அறை. நல்ல பையன்தான், தப்பு சொல்லமாட்டேன், ஆனால் இடம் பொருள் தெரியாது. வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"ஆன்ட்டி, நாதன் கிளாஸுக்கே வரதில்ல. வேக்காட்டுல ஃபேனை நிப்பாட்டிட்டு உக்காந்திருக்கான். ஃபேன் சுத்தினா அதுக்குள்ள இருந்து பேரச் சொல்லிப் பேசுதாங்களாம். குளிக்க மாட்டேங்கான். நாங்கல்லாம் சேந்து அவனை என்னமோ பண்ணப் போறோம்னு என்கிட்டயே சொல்லுதான். எங்க அத்தை ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டேன், உடனே மனநல டாக்டர்ட்ட காட்டச் சொன்னாங்க, ஆரம்பத்துலயே காட்டினா..."

"தம்பி, மெதுவாப் பேசு" என்றேன்.

ஏன் சொன்னேன் தெரியுமா? அவன் அந்த வார்த்தையைச் சொல்கிற நேரத்தில் முன்னறையில் கல்யாணத் தரகர் உட்கார்ந்து சேமியா பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார். கோமதிக்கு வரன். கோமதி என் மூத்தவள், நாதனுக்கு அக்கா. கோவில்பட்டியில் நல்ல குடும்பம், பையன் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் வேலாயுதம். ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பொருந்தின அன்றைக்கே வாசலில் நின்றுகொண்டு ஒருத்தன் மனநலம் மனநலம் என்கிறான். தரகர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கும்மா உடம்புக்கு?" என்று கேட்டார். "தூரத்துச் சொந்தம்" என்றேன். ஜோயல் என்னையே பார்த்தான். முறுக்கும் அதிரசமும் ஒரு பையில் போட்டுக் கொடுத்து அவனை பஸ் ஏற்றிவிட்டேன். பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்கிற மாதிரிதான் வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சிநேகிதர்களெல்லாம் அவ்வளவுதான்.

பங்குனியில் நாதனைக் காலேஜிலிருந்து அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். வந்தவன் மெலிந்திருந்தான். தாடி. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தான். ஒருநாள் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். அவனும் ஒரு கொத்தை எடுத்து ஆய்ந்தான். சின்னப் பிள்ளையில் அப்படித்தான் உட்காருவான்.

"அம்மா, எனக்கு என்னமோ ஆவுதும்மா."

"என்ன ஆவுது?"

"மொதல்ல ஒருத்தர்தான் இருந்தாரு. இப்பம் கூட்டமா வாராங்க. எனக்கு நெசம் எது, நெசமில்லாதது எதுன்னு பிரிக்க முடியல. டாக்டர்ட்ட போவோமா?"

"போவோம்டா. இதெல்லாம் நரம்புத் தளர்ச்சி. ராத்திரி முழிச்சுப் படிச்சா வரும்."

பாருங்கள், அந்த வார்த்தை என் வாயில் தானாக வந்தது. நரம்பு. ராத்திரி அதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகத்தில்கூட ரத்தம் ஓடிற்று. நரம்பு என்று சொன்னால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள். நரம்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மற்ற வார்த்தை அப்படியா? மற்ற வார்த்தையை ஒரு தடவை வெளியே விட்டால் கோமதி கழுத்தில் தாலி ஏறுமா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா என்று கோமதியே என்னைப் பின்னால் கேட்டாள். எந்தக் கண்ணுக்கு எது என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் அவளுக்கும் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். பெரிய டாக்டர், வாசல் வரை கூட்டம். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் போகமாட்டேன் என்று நாதன் அழுதான், அவனுடைய அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், "ஸ்கேன் சுத்தமா இருக்கும்மா. ஒண்ணுமில்ல."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அந்த இடத்திலேயே நெல்லையப்பரை நினைத்துக் கையைக் கூப்பினேன்.

டாக்டர் அதோடு விடவில்லைதான். அடுத்த ஆளின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டே, "இது என் டிபார்ட்மென்ட் இல்ல, ஒரு சைக்கியாட்ரிஸ்டைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க" என்று என்னமோ சொன்னார். முக்கியமான விஷயத்தை அப்படியா சொல்வது? வெளியூருக்குப் போடுகிற ட்ரங்க் காலில் மூன்று நிமிஷம்தான். முக்கியமானதை முதலில் சொல்லு, நலம் விசாரிக்கிறதைக் கடைசியில் வை என்று பட்டிக்காட்டுக்காரருக்குக்கூட நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒண்ணுமில்ல என்பதை முதலில் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் சொல்கிறது யார் காதில் ஏறும்? இவர்கள் எல்லாம் படித்து என்ன பிரயோஜனம்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். நாதன் கேட்டான், "அம்மா, ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லடா ராசா. சுத்தமா இருக்கு."

"அப்பம் என் தலைக்குள்ள எதுவும் இல்லையா?"

"இல்லவே இல்ல."

"அப்பம் அவங்க வெளியிலதான் இருக்காங்களா? நெசமாவே இருக்காங்களா?"

அவன் அப்பா ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். நான் அவன் கையைத் தட்டிக்கொடுத்து, "ஒண்ணுமில்லங்கும்போது அத ஏன் நெனைக்க, வா, அல்வா சாப்பிடுவோம்" என்றேன். வாங்கிக் கொடுத்தேன். வாழை இலையில் சூடாக. அவன் வாயருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, என் கையிலேயே திருப்பி வைத்தான்.

அதற்கப்புறம்தான் வீட்டில் சமைத்ததைத் தொடாமல் போனான். தோல் இருக்கிறதை மட்டும் தின்பான். வாழைப்பழம், அவித்த முட்டை, நிலக்கடலை. அவனே உரிக்கவேண்டும். நாங்கள் உரித்துக் கொடுத்தால் தின்னமாட்டான். இளநீர் வெட்டுகிறதுக்குக்கூட முன்னால் நின்று அரிவாளைப் பார்ப்பான். நான் என்ன குறை வைத்தேன் சொல்லுங்கள், தார் தாராக வாழைப்பழம் வாங்கி மாட்டியிருந்தேன், கற்பூரவல்லி, நாடன், மட்டி. அக்கம்பக்கத்தில் கேட்டார்கள், அவன் மாதப் பூஜைக்குச் சபரிமலை போக விரதம் என்று சொன்னேன். தாடிக்கும் அது பொருந்தியது.

என் வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னார், "மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி அந்த டாக்டரயும் பாத்திருவோமே. இங்க தெரிஞ்சவங்க கண்ணுல பட வேண்டாம்." நான்தான், ஆவணியில் நிச்சயதார்த்தம் இருக்கிறது, மதுரை ஆஸ்பத்திரி வாசலில்தான் பாதி தென்காசி நிற்கிறது, அது முடியட்டும் என்றேன். ஆவணி முடிந்ததும் தை வரட்டும் என்றோம். அவரும் சரியென்றார். அவர் சரியென்று சொன்னதை யாரும் இப்போது சொல்வதில்லை, எல்லாருக்கும் நான் ஒருத்தி கிடைத்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு வேன் வைத்து வந்தார்கள். சம்பந்தியம்மா சண்முகவடிவு, பட்டுப்புடவையும் கையில் ஒரு விசிறியுமாக. வந்ததும், "பொண்ணோட தம்பி எங்க மதினி?" என்று கேட்டாள். "பரீட்சைக்குப் படிக்கான், மாடியில" என்றேன். மாடிக் கதவை வெளியில் தாழ் போட்டிருந்தோம். உள்ளே தண்ணீர், பழம் எல்லாம் வைத்துத்தான்.

அவர்களோடு ஒருவர் வந்திருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா, சம்பந்தியின் கொழுந்தன். பெயர் நெல்லையப்பன். ரயில்வே தபாலில் வேலை. மனுஷர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. தட்டு எடுத்து வைக்கிறார், சின்னப் பிள்ளைகளுக்கு வடையைப் பிய்த்துக் கொடுக்கிறார், பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டார். என் வீட்டுக்காரரிடம், "அத்தான், ஒங்க ஊர்ச் சாரல்ல என் சலவைச் சட்டை போச்சு, வரதட்சணையில சேத்துக்கிடுங்க" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். இந்த மாதிரி ஒருவர் இருக்கிற வீட்டில் பெண்ணைக் கொடுத்தால் கவலையே இல்லை என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

கை கழுவ இடம் தேடி மாடிக்குப் போயிருக்கிறார். திரும்பி வர நேரமாயிற்று. நான் பதறிக்கொண்டு ஏறிப்போனால், தாழை எடுத்துவிட்டு நாதன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். நாதன் ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதியைப் பிட்டு அவருக்குக் கொடுத்திருக்கிறான். எங்களுக்கெல்லாம் கொடுத்ததே இல்லை. அவர் தின்றுகொண்டிருந்தார்.

படியில் இறங்கும்போது என்னிடம் கேட்டார், "அக்கா, தம்பி ராத்திரி தூங்குதானா?"

"பரீட்சை பாருங்க. அதான் முழிப்பு."

"அக்கா." அப்புறம் என்னமோ சொல்ல வந்தார். கீழேயிருந்து சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறமும் மெதுவாக, "நல்ல டாக்டரா ஒருத்தர எனக்குத் தெரியும். கேட்டா சொல்லுதேன்" என்றார். கேட்டால் சொல்கிறாராம். கேட்கிற விஷயமா அது? பெண்ணைப் பெற்றவள் நிச்சயதார்த்தத்து அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் டாக்டர் பெயர் கேட்பாளா?

தையில் கல்யாணம். கல்யாண மண்டபத்துக்கு நாதனை அழைத்துப் போகவில்லை, வாசலில் ஒரு சொந்தக்காரரைக் காவல் வைத்துவிட்டுப் போனோம். மச்சான் முறைக்கு மோதிரம் போட வேறொரு பையனை நிறுத்தினோம். அதுவும் நடந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

மறுவீட்டு விருந்தில்தான் குடி கெட்டது. மாப்பிள்ளையும் கோமதியும் வந்திருக்கிறார்கள், கூடவே சண்முகவடிவு, நெல்லையப்பன், இன்னும் நாலு பேர். தலைவாழை இலை போட்டு, பருப்பு, நெய், மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோகிறார். யார் மாடித் தாழைத் திறந்தார்களோ தெரியவில்லை. நாதன் ஓடிவந்தான். மாப்பிள்ளை கையைத் தட்டிவிட்டான். இலையை அப்படியே சுருட்டி முற்றத்தில் எறிந்தான்.

"சாப்பிடாதீங்க அத்தான். கலந்திருக்கு. எங்க அம்மாதான் கலக்குதா. நான் எத்தனையோ நாளாப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். என் அக்காவையாவது கூட்டிட்டுப் போயிருங்க."

மாப்பிள்ளைக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டான். மாப்பிள்ளையைக் காப்பாற்றத்தான் வந்தானாம். ஆனால் அந்த வார்த்தையைப் பாருங்கள். எங்க அம்மாதான் கலக்குதா. அத்தனை பேர் முன்னால். மூன்று வருஷம் தாய்ப்பால் கொடுத்தவள் நான்.

நெல்லையப்பன்தான் எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். நாதன் பார்க்கும்படி ஒன்றைப் பிதுக்கி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார்.

"தம்பி, எனக்கும் கேட்டுச்சுடே. உன் வயசுலதான். ரேடியோவுல என் பேர வாசிச்சாங்க. நான் ரேடியோவத் தூக்கிக் கெணத்துல போட்டேன். இந்தா பாரு, இதத் தின்னுட்டுத்தான் நான் வேலைக்குப் போறேன், பொண்டாட்டி பிள்ளையோட இருக்கேன். நாளைக்கு நாம ரெண்டு பேரும் போவோம். நீ தனியா இல்ல."

நாதன் அவரையே பார்த்தான். "உங்களுக்குமா மாமா?"

"எனக்கும்தான்."

அவன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். கோமதி ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், புது பட்டுப்புடவை எல்லாம் குழம்பு.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நான் அந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷருக்குப் பைத்தியம். பெண் எடுக்கிற வீட்டில், மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பாவுக்கு, ரத்த சம்பந்தம், இப்படி ஒரு வியாதி. நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் நட்சத்திரம் பார்த்தோம், தோஷம் பார்த்தோம், பையன் வெற்றிலை போடுவானா என்றுகூட ஆள் வைத்து விசாரித்தோம். இது ஒன்றை மறைத்துவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், இது நியாயமா?

நான் விடவில்லை. சண்முகவடிவை அடுக்களைக்குள் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டேன். "ஏன் மதினி, இத ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க?"

அவள் விசிறியை மடக்கினாள். "ஆமா மறைச்சோம். கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கொழுந்தன்ட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். மாடிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே அவரு அழுதாரு, அந்தப் பயலுக்கு முத்திக்கிட்டிருக்கு, நான் சொல்லியாகணும்னு. நான் விடல. அது என் பாவந்தான். ஆனா மதினி, நாங்க மறைச்ச ஆளு பந்தி பரிமாறினாரு. நீங்க மறைச்ச பிள்ளை மாடியில பூட்டிக் கிடந்துச்சு."

கேட்டீர்களா பேச்சை? மறைத்ததும் மறைத்துவிட்டு, என் அடுக்களையில் நின்றுகொண்டு எனக்கே பாடம்.

அவர்கள் மட்டும் முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர் கையிலேயே நாதனை ஒப்படைத்திருப்பேன். எந்த டாக்டர், எந்த மாத்திரை என்று கேட்டிருப்பேன். இரண்டு சாரலை வீணாக்கியிருக்க மாட்டோம். முன்னாலேயே சொல்லியிருந்தால் பெண் கொடுத்திருப்பேனா என்று கேட்கிறீர்களா? கொடுத்திருக்க மாட்டேன். அது எப்படிக் கொடுக்க முடியும்? நீங்கள் கொடுப்பீர்களா? அது வேறு, இது வேறு.

மறுநாள் மதுரைக்குப் போனோம். நெல்லையப்பன் கூட வந்தார், பஸ்ஸில் நாதன் அவர் தோளில் சாய்ந்து தூங்கினான். மனநல டாக்டர், சின்ன வயசுப் பெண், என்னிடம் கேட்டாள், "எப்போ இருந்தும்மா இப்படி இருக்காரு?"

"ஒரு பத்து நாளாத்தான்" என்றேன். "நரம்புத் தளர்ச்சி."

கோமதி என் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டு சாரல் போயிருச்சு டாக்டர்" என்றாள். "மொதச் சாரல்லயே இவங்களுக்குத் தெரியும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. ஆரம்பத்திலேயே வருகிறவர்களுக்குச் சீக்கிரம் குணமாகும், படிப்பு வேலை என்று திரும்பிவிடுவார்கள், தாமதம் ஆக ஆக மருந்து பிடிக்கிறது மெதுவாகும், பரவாயில்லை, இப்போதாவது வந்தீர்களே என்றாள். அந்தப் பரவாயில்லையை அவள் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. தொனி எனக்குத் தெரியும். அந்தச் சிறு பெண்ணுக்கு என்ன தெரியும், கல்யாண வயதில் ஒரு பெண்ணை வீட்டில் வைத்திருப்பது என்றால் என்ன என்று.

திரும்பி வரும்போது நெல்லையப்பனிடமே அவருக்கு எப்படிக் குணமாயிற்று என்று கேட்டேன். ரேடியோவைக் கிணற்றில் போட்ட அன்றைக்கே சண்முகவடிவு, அவள் அப்போது அந்த வீட்டுக்கு வந்த புது மருமகள், கொழுந்தன் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாளாம். மாமியார் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். இவள் கேட்கவில்லை. படிப்பில்லாதவள், யார் என்ன சொல்வார்கள் என்கிற யோசனை அவளுக்குக் கிடையாது. அதனால் அவளுக்குச் சுலபம்.

இதோ, ரவுண்டானா வந்துவிட்டது. நீங்கள் எந்த ஸ்டாப்? பழைய பஸ் ஸ்டாண்டா? எனக்கு அதற்கு முந்தினது. பார்த்து விசாரியுங்கள், நான் சொன்னதை மறக்காதீர்கள். சிரித்துக்கொண்டு பந்தி பரிமாறுகிற சித்தப்பாக்கள் இருந்தால் முக்கியமாக விசாரியுங்கள்.

நெல்லையப்பன் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி, மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்து, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்துகொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் இப்போது இல்லை. நாதனுக்கு நாற்பது ஆகப்போகிறது. கோமதி வீட்டில்தான் இருக்கிறான். மாத்திரை அசத்துவதால் காலையில் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பான். எழுந்து குளித்துவிட்டு, அடுத்த தெருவில் கடலைமிட்டாய்க் கம்பெனிக்குப் போய்ப் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுகிறான். காலேஜுக்குத் திரும்பிப் போகவில்லை.